உப்புப் பொட்டலத்தில் வந்த மார்த்தா

கதை வாசிப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், வயிற்றில் மரவள்ளிக்கிழங்கை மட்டும் போட்டுக்கொண்டு எட்டுப் பெண்களுக்கு இரண்டு மணி நேரம் உரக்க வாசித்துப் பார்க்கட்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவின் காஜா பேராங்கில் நான் அந்தத் தொழிலைத்தான் செய்தேன். கூலி, ஆளுக்கு ஒரு துண்டுக் கிழங்கு. இல்லாதவர்களிடம் ஒரு கரண்டி செம்பனை எண்ணெய். கான்வெண்டில் கன்னியாஸ்திரீகள் எனக்குப் புகட்டிய ஆங்கிலம் அப்போது வெளியே காட்டக்கூடாத சரக்கு. புத்தகம் ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் கன்னத்தில் அறை விழும். அதனால் அது கிழங்குக் கூடையின் அடியில் இருக்கும். மத்தியானம் எல்லோரும் என் வீட்டுப் பின்கட்டில் கிழங்கு துருவும்போது எடுத்துத் தமிழில் சொல்வேன். பக்கத்துக் கிராமமான செட்டிக் கம்பத்தில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேச்சு, அந்த ஊர்த் தெய்வானைக்குத் தமிழ் வராது என்பதால் நடுநடுவே மலாயிலும். அந்தக் கிழங்கைத் தின்று பிழைத்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் கதையும் ஒரே கதை

முதலில் என்னிடம் இருந்த தமிழ் நாவலைச் சொன்னேன். பஞ்சத்தில் தறியை விற்காமல் காப்பாற்றும் ஒரு குடும்பம். அது தீர்ந்ததும் தெய்வானை தனக்குத் தெரிந்த மலாய்க் கதையைச் சொன்னாள். கடல் கொண்டுபோன தோணிக்குப் பதில் ஒருத்தி ஒற்றைக் கோடரியால் ஏழு தோணி செய்கிறாள், ஏழும் மூழ்கி எட்டாவது மிதக்கிறது. பிறகு என் ஆங்கில நாவல். குளிர் தேசத்தில் கணவன் சுரங்க வேலைக்குப் போய்க் கடிதம் நின்றுவிடுகிறது. மனைவி மார்த்தா பாறையைக் கொத்தி முள்ளங்கி போட்டு மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள்.

எந்தப் பாஷையானாலும் மனிதர்கள் கஷ்டப்பட்டுக்கொண்டே விடாமல் நிற்பதைத்தான் எழுதுகிறார்கள், இதுதான் இலக்கியத்தின் பெருமை என்று கன்னியாஸ்திரீ குரலில் ஒரு பிரசங்கம் வைத்தேன். தெய்வானை துருவுவதை நிறுத்தவில்லை. மலாயில் கேட்டாள்: "வயிறு நிறைஞ்சவங்க யாரும் கதை எழுத மாட்டாங்களா? ஒரு நாளாவது சோறு திங்கிற கதையாச் சொல்லேன்."

வெங்காயம்

மார்த்தாவின் கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அத்தியாயத்தில் எட்டுப் பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஜப்பான் சிப்பாய் உள்ளே வந்துவிட்டான். நான் புத்தகத்தின் மேல் உட்கார்ந்தேன். ஏன் அழுகிறீர்கள் என்று அரைகுறை மலாயில் கேட்டான். தெய்வானை சட்டென்று, வெங்காயம் நறுக்கினோம் என்றாள்.

மலாக்கா முழுக்கத் தேடினாலும் ஒரு வெங்காயம் கிடைக்காத நாள் அது. அவன் கண் அகன்றுவிட்டது. என் வீட்டிலும் தெய்வானை வீட்டிலும் பானை பானையாகக் கவிழ்த்துத் தேடினான். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன், அது அரைவாசி நிஜம். அவன் போனபின் தெய்வானை மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "அடுத்த தடவை கதைக்கு அழுதோம்னே சொல்லிடுவோம். புத்தகத்தோட போயிருப்பான். இப்ப என் கோழியைப் பிடிச்சுக்கிட்டுப் போறான்."

பாதி நாவலுக்குப் படி உப்பு

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். யோசிக்காமல் உதவி செய்வது ஒன்றுதான் குறை. வீட்டில் உப்பில்லை என்று நான் கத்தியதைக் கேட்டு, கிழங்குக் கூடையிலிருந்த புத்தகத்தின் பின்பாதியைக் கிழித்து ராவுத்தர் கடையில் கொடுத்து உப்பு வாங்கி வந்துவிட்டார். பொட்டலம் கட்டக் காகிதம் இல்லாமல் ராவுத்தரும் திண்டாடிக்கொண்டிருந்தார். நான் வாசித்தது முன்பாதி, அதனால் யாரும் தொடாத பின்பாதிதான் உபயோகமில்லாதது என்று இவருக்கு எண்ணம்!

நான் கடைக்கு ஓடுவதற்குள் மார்த்தா தெருத்தெருவாகப் போய்விட்டாள். அன்றிலிருந்து உப்பு வாங்கியவர்கள் பொட்டலத் தாளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றைக்கு வந்த தாள்தான் அன்றைய கதை. திங்கட்கிழமை மூத்த மகளுக்குக் கல்யாணம், புதன்கிழமை அவளே ஆறு வயதில் பாவாடை கிழிந்து நிற்பாள். நான் எரிந்து விழப் போனபோது ராவுத்தர் அமைதியாகச் சொன்னார்: "கோவப்படாதீங்கம்மா. உங்க கதை வந்தப்புறம் பொம்பளைங்க உப்புக்குச் சண்டை போடுறதில்ல, தாளுக்குத்தான் போடுறாங்க."

கடைசித் தாள்

கேட்பவர்களில் பச்சையம்மாள் மட்டும் ஒரே கேள்வி வைத்திருந்தாள்: மார்த்தாவின் புருஷன் வருவானா? அவள் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஒரு செய்தியும் இல்லை. போனவர்கள் சாகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் தினமும் வந்து கூலியாக இரண்டு துண்டுக் கிழங்கு வைப்பாள், ஒன்று அவன் பங்குக்காம்.

ஒரு நாள் அவளே கடைசித் தாளைக் கொண்டுவந்தாள், உப்பு ஒட்டிய கையில் சுருட்டி. மேலே ஒரு படம்: சிலுவை நட்ட மண்மேடு, அதன்மேல் சுரங்கத் தொப்பி, பக்கத்தில் மார்த்தாவும் பிள்ளைகளும். கீழே எழுதியிருந்ததும் அதேதான், புருஷன் செத்துப்போனான் என்று. நான் கட்டைவிரலால் படத்தை மறைத்துக்கொண்டு, பனி உருகிய ஒரு காலையில் அவன் வந்து கதவைத் தட்டினான் என்று வாசித்தேன். கான்வெண்டில் இப்படி ஒரு பொய்க்கு ஒரு மணி நேரம் முட்டி போட வைப்பார்கள். பச்சையம்மாள் கண்கொட்டாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கதவு தட்டின இடத்தை இன்னொரு வாட்டி படிங்கக்கா."

நான் படித்தேன். முதலில் சொன்னது மறந்துபோனதால் இந்த முறை அவனுக்குத் தாடியும் வைத்துவிட்டேன்.

தம்பினிலிருந்து நடந்தவன்

ஜப்பான்காரன் சரணடைந்து சில மாதம் கழித்துப் பச்சையம்மாளின் புருஷன் வந்தான். மலாக்காவுக்கு வரும் தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் பெயர்த்துச் சயாமுக்கே கொண்டுபோய்விட்டதால், தம்பின் ஸ்டேஷனில் இறங்கி அங்கிருந்து நடந்தே வந்திருந்தான். காலில் புண், பாதி உடம்பு, மார்பு வரை தாடி. காஜா பேராங்கே அவள் வாசலில் கூடியது. தெய்வானை எங்கிருந்தோ ஒரு கோழி பிடித்து வந்தாள். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ராவுத்தர் அரிசியே கொடுத்தனுப்பினார்.

நான் பெருமையை அடக்க முடியாமல் பச்சையம்மாளைத் தனியே இழுத்து, பார்த்தாயா, கதையில் வந்த மாதிரியே என்றேன். அவள் சிரித்துக்கொண்டு என் கட்டைவிரலைப் பிடித்தாள். "இதாலதானே மறைச்சீங்க? கடையிலிருந்து வர்ற வழியெல்லாம் அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். உங்க வாயால வேற மாதிரி கேக்கணும்னுதான்க்கா கொண்டாந்தேன்."

விடாமுயற்சியைப் பற்றி மூன்று பாஷைகளில் பிரசங்கம் செய்த நான், அது பச்சையம்மாளாகக் கையில் உப்போடு எதிரே வந்து உட்கார்ந்திருந்தபோது அவளைப் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.