சூர்யகலா திரும்பச் சொன்னது

சூர்யகலா அந்தச் சொல்லைச் சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் திண்டிவனத்தில் அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாருமே இதைத்தான் முதலில் சொன்னார்கள். சொன்னதைக்கூட விடு, சிரிச்சிக்கினே சொன்னாளே!

1999ஆம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாத்திரக்கடை மாடியில் ஓர் அறை, அதில் ஊதா நிறத் திரைச்சீலை, பிளாஸ்டிக் பூச்சாடி, ஒரு நாற்காலி, ஒரு கேமரா, ஒரு தொலைபேசி. நடராசனின் லோக்கல் கேபிள் சேனல் என்பது மொத்தமும் இவ்வளவுதான். சாயங்காலம் நேயர்கள் போன் பண்ணிப் பாட்டுக் கேட்பார்கள். யார் யாருக்கு அந்தப் பாட்டை டெடிகேட் செய்கிறார்கள் என்று பெயர்களை அடுக்குவார்கள். ஊருக்குப் பாட்டு முக்கியமில்லை, பெயர்தான் முக்கியம். தன் பெயர் டிவியில் வருவதைக் கேட்கத் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், போனில் பேசுகிறவரின் குரல் டிவியில் வராது. அதற்கு ஒரு கருவி வேண்டும், அதை வாங்க நடராசனுக்கு மனசு வரவில்லை. "நீ திருப்பிச் சொல்லிடு கலா, அது போதும்" என்றுவிட்டார். ஆகவே காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு, நேயர் சொல்வதை அவள் அப்படியே திருப்பிச் சொல்வாள். பழகப் பழக அதில் அவளுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. நேயர் பேச்சின் கடைசி எழுத்து முடிவதற்குள் அது அவள் நாக்கில் இருக்கும். அர்த்தம் சற்றுப் பின்தங்கி, மெதுவாக வந்து சேரும்.

அன்று பேசிய இளைஞனின் குரல் பவ்வியமாக இருந்தது. நண்பர்கள் சார்பாகப் பேசுவதாகச் சொன்னான். பெரியசாமி என்றான், அவளும் பெரியசாமி என்றாள். அப்பாதுரை, வீரமுத்து. அடுத்து அதே பவ்வியத்தோடு, ஒருவனையும் அவனைப் பெற்றவளையும் சேர்த்து இழிவு செய்கிற அந்தச் சொல்லைச் சொன்னான். அவளும் சொன்னாள், தெளிவாக, உச்சரிப்புச் சுத்தமாக, புன்னகை மாறாமல். அதைத் தாண்டி இரண்டு பெயர்களும் சொல்லி, "இவங்க எல்லாருக்காகவும் இதோ உங்கள் பாடல்" என்று முடித்தாள்.

கேமராவில் நின்றிருந்த தேவநாதன் கண்ணை எடுத்துவிட்டு அவளையே பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான், தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

"நான் சொல்லல" என்றாள். "அவன் சொன்னான், தேவா."

"அவன் சொன்னது யாருக்குக் கேட்டுது?" என்றான் தேவநாதன்.

போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் ஒரு அம்மாள், "த்தூ" என்று மட்டும் சொல்லி வைத்தார். அடுத்தது ஒரு பெரியவர். "புள்ளைங்கள ஒக்கார வெச்சிக்கினு பாக்கறோம்மா. பூ வெச்சிக்கினு பொட்டு வெச்சிக்கினு இன்னா பேச்சு பேசற நீ?" நடராசன் படியேறி ஓடி வந்து போனின் ஒயரையே பிடுங்கினார். அவருக்கு மூச்சு வாங்கியது. "பேஜாரு பண்ணிட்டியே கலா" என்றார். அவள் கை தானாகவே தலையிலிருந்த பூவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டது.

அவளுக்கு வேறு எதுவும் வாய்த்திருக்கவில்லை. பிளஸ் டூவில் தவறியவள், நடையில், நிறத்தில், எதிலும் யாரும் திரும்பிப் பார்க்காதவள். குரல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு அப்பாவிடம் ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டித்தான் இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். பஸ் ஏறினால் கண்டக்டர், "டிவிக்காரம்மாவுக்கு எடம் வுடுங்க" என்பார். அன்று அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவள் ஊரான கூட்டேரிப்பட்டுக்கு அந்தக் கேபிள் வராது. ஆனாலும் சேதி, ஜங்ஷன் எஸ்.டி.டி. பூத் வழியாக அவளுக்கு முன்னமே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அம்மா தைலம்மாள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் வாயிலிருந்து வந்ததை எழுத முடியாது. சூர்யகலா டிவியில் சொன்ன சொல் அதில் மூன்று தரம் வந்தது, அதைவிடக் கனமானவையும் வந்தன.

"ஏம்மா, நீ மட்டும் இன்னா பேசறியாம்?" என்று அழுதாள் சூர்யகலா.

"நான் பேசுவன்டி! மாட்டப் பேசுவன், மடையத் தொறந்து வுட்டவனப் பேசுவன். நான் பேசறது காத்தோட போவுது. நீ பேசனது ஊட்டுக்கு ஊடு போயி நடுவூட்ல குந்திக்கினுதே!"

அப்பா துரைக்கண்ணு திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "அந்தப் பையன் பேரு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா. நண்பர்கள்னுதான் சொன்னான்."

"அப்ப ஊருக்குத் தெரிஞ்ச பேரு உன்னுது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அந்த வார நடுவில் நடராசன் தன் டிவிஎஸ் ஐம்பதில் வீட்டுக்கே வந்தார். வேலை இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தவள், உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள்.

"ஞாயித்துக்கெழம ஜல்தியா வந்துடு கலா. போன் ஓயவே இல்ல. எல்லாம் உன்னத்தான் கேக்கறாங்க."

"திட்டறதுக்கா அண்ணா?"

"திட்டறாங்க. அடுத்து எப்பன்னும் கேக்கறாங்க" என்று நடராசன் தலையைச் சொறிந்தார். "நகைக்கடைக்காரர் வெளம்பரம் தர்றேன்றாரு."

அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஆரம்பத்திலேயே நடந்தது என்ன என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அது நேயர் சொன்னது, தான் திருப்பிச் சொன்னது மட்டும்தான் என்று சொல்லிவிட வேண்டும். நடராசனுக்கு அதில் இஷ்டமில்லை. "பாக்காதவனும் இன்னா சொன்னா, இன்னா சொன்னான்னு கேப்பான்." கடைசியில், போகிறது, சொல்லிக்கோ என்றார். போன பெயர் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அப்பாவும் போக விட்டார்.

சொன்னாள். கேமராவைப் பார்த்து, கைகூப்பிச் சொன்னாள். முடித்ததும் முதல் போன். ஒரு குடும்பப் பெண்ணின் குரல். பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. நல்ல மரியாதையான பேச்சு. பழைய பழக்கத்தில் சூர்யகலாவின் நாக்கு கூடவே ஓடியது.

"போன வாரம் எங்க வீட்டுக்காரர் பார்க்கலையாம்… இன்னிக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காராம்… அதனால அதே மாதிரி இன்னொரு தடவை…"

அங்கே நின்றாள். ரிசீவருக்குள் அந்தப் பெண், "சொல்லும்மா, சும்மா ஒரு தடவ" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆண் சிரிப்பது கேட்டது.

போன வாரம் திட்டியவர்களை அவளுக்குப் புரிந்தது. இது புரியவில்லை. ரிசீவரை வைக்காமல் மேசைமேல் கிடத்திவிட்டு எழுந்து படியிறங்கிப் போனாள். தேவநாதன் கேமராவை அணைக்க மறந்து நின்றான். ஊதாத் திரைச்சீலைக்கு முன்னால் காலி நாற்காலியை ஊர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த தை மாதமே விழுப்புரத்தில் மணிமாறனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவர், சாது. பெண் பார்க்க வந்தபோது அவருடைய அத்தை மட்டும், "டிவில பேசுன பொண்ணா?" என்று இழுத்தார். "எங்க வூட்ல கேபிள் இல்ல அத்த, எனக்கு இன்னா தெரியும்?" என்று மணிமாறன் பேச்சை வெட்டிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரிடம் சூர்யகலா ஆயுசுக்கும் சண்டை போட்டதில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒவ்வொரு சண்டையையும் அந்த வாக்கியம் நினைவு வந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள்.

குரலை அவள் முழுதாக விடவும் இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போகிறார்களே, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், அவற்றுக்குப் பதிவு செய்து கொடுத்தாள். எழுதியதைப் படிப்பது, தவறினால் அழித்துவிட்டு மறுபடி படிப்பது. விழுப்புரம், கோலியனூர்த் தெருக்களிலெல்லாம் பெயரில்லாமல் அந்தக் குரல் சுற்றி வந்தது. நேரலை என்று யாராவது கூப்பிட்டால் மட்டும், தொண்டை சரியில்லை என்பாள்.

அதற்குள் டிவி எங்கேயோ போய்விட்டிருந்தது. முதலில் கெட்ட வார்த்தை வரும் இடத்தில் சத்தம் அறுந்தது. பிறகு பீப் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கேமரா முன்னால் மாறி மாறித் திட்டிக்கொள்ளும் நிகழ்ச்சியை, ஒருநாள் வீடே உட்கார்ந்து பார்த்தது. பீப், பீப் என்று அலறியது. சூர்யகலா பதறிப்போய் ரிமோட்டைத் தேடினாள். மாமியார் ராஜாமணியோ சோற்றுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, பீப்புக்குள் இருந்த சொல்லை எடுத்து வெளியே சொன்னார். "அதத்தான் சொல்றான். வாயப் பாரு, தெரியுது."

அந்தச் சொல்லேதான். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றார் மணிமாறன். சூர்யகலா மட்டும் ரசக் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் விட்டாள்.

2014இல் விழுப்புரத்தில் ஒரு புது உள்ளூர் சேனலிலிருந்து அய்யப்பன் என்ற பையன் அவளைத் தேடி வந்தான். தாடியை ஒழுங்காகச் செதுக்கியிருந்தான்.

"திண்டிவனம் சூர்யகலா நீங்கதான மேடம்? நான் அப்ப ரெண்டாங்கிளாஸு. எங்க அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. நீங்க லெஜெண்டு மேடம்!"

சிரிப்பார்களா? அப்பா, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சாகும்வரை திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராத மனிதர்.

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவளை மணிமாறன்தான் தடுத்தார். "எத்தினி நாளிக்கித்தான் கண் ஆப்பரேஷன் வெளம்பரமே படிச்சிக்கினு இருப்ப? போயிட்டு வா." அவளுக்கும், பூட்டி வைத்த ஆசை ஒன்று உள்ளே அசைந்தது. நேரலையில் ஒரே ஒருமுறை, எழுந்து ஓடாமல் முடித்துவிட வேண்டும்.

நிகழ்ச்சி இதுதான். வீட்டுச் சண்டையை நேயர்கள் போனில் கொட்ட வேண்டும். இப்போது அவர்கள் குரல் நேராகவே டிவியில் வரும். அவள் காதுக்கு முதலில் கேட்கும், ஊருக்குச் சில நொடி தள்ளிப் போகும். அவள் முன்னால் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் அந்த இடம் பீப் ஆகிவிடும்.

"திட்டு வந்தா அழுத்துங்க மேடம். ஆனா மொத எழுத்து மட்டும் கேக்கட்டும். அதுதான் கிக்கு" என்றான் அய்யப்பன். "அழுவுறாங்கன்னா வுட்ராதீங்க. நல்லா நோண்டுங்க."

விளக்கு எரிந்தது. முதல் போன், ஒரு பெண். எடுத்த எடுப்பில் தன் பெயரைச் சொன்னாள், காணை என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள தன் கிராமத்தையும் சொன்னாள். புருஷன் பெயரைச் சொன்னாள், அவன் வேலை செய்யும் மில்லைச் சொன்னாள். அழுகையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

சூர்யகலாவின் விரல் பொத்தானில் இறங்கியது. பெயருக்கு ஒரு பீப். ஊருக்கு ஒரு பீப். புருஷனுக்கும் மில்லுக்கும் சேர்த்து நீளமாக ஒன்று.

ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அய்யப்பன் கையை ஆட்டினான். பதற்றத்தில் தப்பாக அழுத்துகிறாள் என்று நினைத்துவிட்டான்.

அப்புறம் அந்தப் பெண் திட்ட ஆரம்பித்தாள். அடித்தவனை, அடித்துவிட்டுச் சோறு கேட்டவனை, அவனுக்கு வக்காலத்து வாங்கிய குடும்பத்தை. நடுவில் அந்தச் சொல்லும் வந்தது. சூர்யகலா பொத்தானிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு எழுத்துக் குறையாமல் அது விழுப்புரத்து வீடுகளுக்குள் போனது.

அய்யப்பன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்திலிருந்த பையன்கள் வாய் பிளந்து நின்றார்கள். காதுக் கருவியில் அவன் குரல் கிறீச்சிட்டது. "மேடம்! அத அழுத்தணும் மேடம்! ஐயோ, லைவ்ல போவுது! வேலையே போயிடும்!"

வேலை போகலாம் என்று அவளுக்கும் தோன்றியது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தப் பெண் திட்டி ஓய்ந்து, மூக்கை உறிஞ்சி, "வெச்சிடறேன்க்கா" என்று சொல்லும்வரை ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் போன் அடித்தது. கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்தாள்.

"வணக்கம்மா. பேரு ஊரு ஒண்ணும் வாணாம். இன்னா ஆச்சு, அதச் சொல்லுங்க."