நித்திரை என்றாலே அமைதிதானே

ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் சேமக்காலைக்குப் போய், கல்லறைச் சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, எழுத்துகளைக் கறுப்புப் பெயின்ற்றால் புதுப்பிப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் தமிழ் படிப்பிக்கிறவன், எழுத்தும் அழகு. அதனால் தூரிகை எப்போதும் என்னிடம்தான் வரும்.

இன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஸ்தெல்லா அக்காவின் கணவருடைய சிலுவை. இந்த வருடம்தான் போனவர். இன்னும் ஒரு எழுத்தும் எழுதாத புதுச் சிலுவை.

“‘இங்கே அமைதியாக நித்திரை கொள்கிறார்’ எண்டு எழுதுங்கோ தம்பி.”

சிலுவையின் கை ஒடுக்கம். நானோ பிள்ளைகளின் கட்டுரையில் ‘வேகமாக ஓடினான்’ என்று கண்டால் ‘வேகமாக’வை வெட்டுகிற ஆள்.

“இடம் காணாது அக்கா. நித்திரை எண்டாலே அமைதிதானே. அந்தச் சொல்லை விடுவமே?”

அக்கா பெயின்ற் பேணியை மணலில் வைத்தார்.

“இல்லைத் தம்பி. சண்டை நேரம் செல்லடியில மகன் செத்ததில இருந்து இவர் நித்திரையில கத்துறவர். அவன்ர பேரைச் சொல்லித்தான் கத்துவார். நானும் எழும்பிப் பக்கத்தில இருப்பன். சாகுமட்டும் ஒரு ராவும் அமைதியாக் கிடக்கேல்ல.”

நான் பேணிக்குள் தூரிகையைத் தோய்த்தேன்.

“அந்தச் சொல்லை முதல்ல எழுதுங்கோ. மிச்சத்துக்கு இடம் இருந்தாப் பாப்பம்.”

அதைத்தான் முதலில் எழுதினேன். பெரிதாக. மற்றச் சொற்கள் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

சொற்சிக்கனம் பேசுகிற நண்பர்களே, உங்கள் வீட்டில் எல்லோரும் அமைதியாகவா நித்திரை கொள்கிறார்கள்?