போலீஸ்காரனின் வலது கை

என் அம்மா கீதா பல் செய்தவள். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம் இருந்த லேபில் வேலை. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அம்மா மெழுகில் வடிவம் பிடித்து, பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழியில் அக்ரிலிக் மாவை அடைத்து வேகவைப்பாள். பிறகு அரத்தால் ராவுவாள், மெருகேற்றுவாள். அப்பா மதுக்கரை சிமெண்ட் ஆலையில் இருந்தார். நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்துபோனார். அதன் பிறகும் அம்மா மதுக்கரை வீட்டை விடவில்லை. தினமும் பஸ்ஸில் போய் வந்தாள்.

வீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. டிவி பார்க்கும்போதும் நிற்பாள். கையில் ஏதாவது ஒன்று உருளும், மெழுகுத் துண்டோ, புளியங்கொட்டையோ.

அவள் வேலையில் பெயர் கிடையாது. பல்லில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. செய்த பல் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் அது நல்ல பல். பஸ்ஸில் எதிரே யாராவது சிரித்தால் என் தொடையைக் கிள்ளுவாள்.

"பாக்காத கண்ணு. மேல ரெண்டாவது. நம்முளுது."

அந்த ஆள் இறங்கிப் போகும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸிம் என்பவர் முன்பல் உடைந்து வந்தார். டவுன்ஹால் பக்கம் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் செய்த பல்லின் நிறம் இரண்டு முறை ஒத்துவராமல் போனதால், அம்மா அவரையே லேபுக்கு வரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து நிறம் பார்த்தாள். புதுப் பல் போட்டுக்கொண்ட அன்று அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மனிதனை எடுத்தார். கட்டைவிரல் உயரம். மஞ்சள் முகம், கொக்கி மாதிரி உள்ளங்கை. பிளாக் அடுக்கி விளையாடும் பெட்டிகளில் வருகிற மினிஃபிகர். ஒரு கையில் விரிசல்.

"இதை ஒட்டித் தர முடியுமாக்கா?"

அம்மா கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இவன் கையி மடங்காதுங்களா?"

"தோள்ல சுத்தும்க்கா. கைமுட்டி கெடையாது."

"அப்பறம் எப்படிங்க சோறு திம்பான்?"

"பொம்மைக்கா அது."

"பொம்மைன்னா பட்டினி கெடக்கோணுமா?"

ஆஸிமுக்குச் சிரிப்பு. புதுப் பல் தெரிய அவர் சிரித்ததை அம்மா பார்த்துக்கொண்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். நிறம் சரியாக இருந்ததாம்.

அப்படித்தான் முட்டி மடங்கும் கை தொடங்கியது. மகள் நான் வால்வு கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். தோளில் நுழையும் குமிழை அளந்து படம் வரைந்து கொடுத்தேன். மேல்கை ஒரு துண்டு, முன்கை ஒரு துண்டு, நடுவில் ஒரு கம்பி அச்சு. பல்லை நேராக்கக் கட்டும் மெல்லிய எஃகுக் கம்பி லேபில் நிறைய இருந்தது. முதலில் செய்த கைகள் தொங்கின. தூக்கி வைத்தால் கீழே விழும். அம்மா கம்பியை நடுவில் குறடால் லேசாக நெளித்தாள், அலை மாதிரி. அந்த நெளிவு உள்ளே அழுத்திப் பிடித்தது. வைத்த இடத்தில் கை நின்றது. அதன்பின் எல்லாக் கைக்கும் அந்த நெளிவுதான்.

ஆஸிம் தன் கூட்டத்தில் காட்டினார். கோவையில் மினிஃபிகர் சேர்க்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் கூடுகிறார்கள். எல்லோரும் பெரியவர்கள். டாக்டர், ஐ.டி. ஆட்கள், நகைக்கடைக்காரர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் சிலர். அம்மாவை "பல்லு அக்கா" என்றார்கள். முட்டி மடங்கிய பொம்மைகள் டீ குடித்தன, தலை சொறிந்தன, பைக் ஹேண்டிலைப் பிடித்தன. சிலர் அதற்காகவே வந்தார்கள். வேறு சிலருக்குப் பிடிக்கவே இல்லை. கை விறைப்பாக இருப்பதுதான் அந்தப் பொம்மையின் அழகு, எல்லாவற்றையும் அந்த ஒரு விறைப்பில் நடிக்கவைப்பதுதான் விளையாட்டு என்றார்கள்.

அதில் முதல் ஆள் கிருபாசங்கர். அன்னூரில் தென்னந்தோப்பு, கோவையில் பம்ப் உதிரிபாக வியாபாரம், வீட்டில் ஓர் அறை முழுக்கப் பொம்மை. கைகூப்பித்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

"அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலை சுத்தமுங்க. ஆனா இது பொம்மைக்குச் செய்யற அக்கிரமமுங்க."

"முட்டி இருக்கறது அக்கிரமங்களா? உங்குளுக்கு இருக்குதுங்களே?"

"எனக்கு இருக்கறதால என்னத்தைங்க கண்டேன்? வலிதான்."

மாடி முழுக்கச் சிரித்தது. அம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

நிறத்தில்தான் அம்மாவின் கை தனியாக நின்றது. பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் வருடம் போகப்போக மஞ்சளாகப் பழுக்கும். அதற்குப் புது வெள்ளைக் கை போட்டால் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அம்மா பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பல் செய்கிறவள். பொம்மையின் உடம்பைப் பார்த்து, அது பழுத்த அளவுக்கே கையையும் பழுக்கவைத்தாள். இது ஏமாற்று என்றும் சிலர் சொன்னார்கள். நாளைக்கு எவனாவது பழையது என்று விற்றால் என்ன செய்வது என்று கேட்டார்கள். ஒரு புள்ளியாவது குறி வையுங்கள் என்று ஆஸிமும் சொன்னார்.

"பல்லுல பேரு எழுதுவாங்களாக்கும்?" என்று அம்மா விட்டுவிட்டாள்.

போன ஐப்பசிக் கூட்டத்துக்கு நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். கிருபாசங்கர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெள்ளைச் சட்டைப் போலீஸ்காரன். வலது கைமுட்டி மடங்கி சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான்.

"முட்டின்னா அக்கிரமம்னு சொல்லுவீங்களே" என்றார் ஆஸிம்.

"கண்டவங்க செஞ்சா அக்கிரமமுங்க. இது பேக்டரியிலேயே சோதனைக்குச் செஞ்சு பாத்துக் கைவிட்ட பீஸு. பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட வாங்குனேன். உலகத்துலயே நாலஞ்சுதான் இருக்குமாம்."

அம்மா பெட்டி அருகே குனிந்தாள். நிமிர்ந்து, "ஏனுங்க, அந்தக் கை நான் செஞ்சதுங்க" என்றாள்.

கிருபாசங்கர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எந்தக் கைங்க?"

"வலது கை. ரெண்டு வருசம் முந்தி பெங்களூர்க்காரர் ஒருத்தர் பொம்மையை அனுப்பியிருந்தாரு, கை போட்டுத் திருப்பி அனுப்புனேன். உடம்பு ஜன்னலோரம் இருந்து பழுத்தது. சட்டையில ஒரு பக்கம் மட்டும் பழுப்பு சாஸ்தி. அதுக்குப் பழுப்புப் பொடி ஒரு சிட்டிகை கூடப் போட்டேன்."

கிருபாசங்கர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "அம்மணி, உங்குளுக்கு அப்படித் தோணுதுங்க. குறி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"அப்பறம்?"

"முட்டியை ஒடச்சுப் பாருங்க. உள்ள கம்பி நெளிஞ்சிருக்கும்."

"ஒடச்ச பொறகு அது கம்பி நெளிஞ்ச குப்பைதானுங்களே அம்மணி."

சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் நிலைகொள்ளவில்லை. பெங்களூர் ஆளுக்குப் போன் போட்டாள். எண் மாறியிருந்தது. அதே மாதிரி இன்னொரு கை செய்து காட்டலாம் என்று மாவு குழைத்தாள். உடம்பு பக்கத்தில் இல்லாமல் நிறம் வரவில்லை. பொம்மையை ஒருநாள் இரவல் தரச் சொல்லி ஆஸிம் மூலம் கேட்டாள். கிருபாசங்கர் மரியாதையாக மறுத்துவிட்டார். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

நான் கேட்டேன். "பஸ்ஸுல பாத்தா வாயே தொறக்க மாட்டியேம்மா. இதுக்கு மட்டும் என்ன?"

"பல்லு போட்டவங்க ஊட்ல கண்ணாடி பாத்துச் சிரிப்பாங்க. எனக்கு அது போதும். இதை இன்னொருத்தன் பேருல வெச்சிருக்கறாங்க கண்ணு. நாஞ் செஞ்சதுலயே நல்லா வந்தது அது ஒண்ணுதான்."

மாசியில் ஒரு காலை, லேபுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அதன்பின் எனக்கு நாற்காலி ஒத்துவரவில்லை. அலுவலகத்தில் நின்றுகொண்டே படம் வரைந்தேன். உறவினர்கள் உட்காரச் சொன்னால் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போவேன். மூளையில் ஒரே ஒரு விஷயம் ஓடியது. அந்தக் கை அவளுடையதா இல்லையா. அவள் தவறாகவும் நினைத்திருக்கலாம். அப்படி இருந்தால் கடைசி மாதங்கள் முழுவதையும் அவள் ஒன்றுமில்லாததற்காக நடந்து தீர்த்திருக்கிறாள். அதை என்னால் தாங்க முடியாது. தெரியாமல் இருப்பதையும் தாங்க முடியவில்லை.

லேபில் அவள் சாமான்களை எடுக்கப் போனேன். டாக்டர் அறையில் யாருடைய பல்லோ எக்ஸ்ரேயில் இருந்தது. சிகிச்சைக்காக வேருக்குள் விட்ட ஓர் ஊசி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. சுற்றிலும் எல்லாம் சாம்பல்.

அங்கேயே நின்று கிருபாசங்கருக்குப் போன் செய்தேன்.

"எக்ஸ்ரேங்களா? பொம்மைக்குங்களா?"

"ஆமாங்க. ஒடைக்க வேண்டியதில்லை. அக்ரிலிக் தெரியாது. கம்பி தெரியும்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அம்மா போன பொறகு நான் அந்தப் பெட்டியைத் தொறக்கவே இல்லைங்க" என்றார். "வாரேனுங்க."

அன்னூரிலிருந்து வந்தார். பொம்மையை மோதிரப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தார். நான் வீட்டில் இருந்த ஒரு கையைக் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வீட்டுக் கையை முதலில் படம் எடுத்தார். திரையில் சாம்பல் நிழலுக்குள் ஒரு சின்ன வெள்ளை அலை.

போலீஸ்காரனைப் படுக்கவைத்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் முறையைப் படித்துக்கொண்டிருந்தேன். கம்பி நேராக இருக்கலாம். கம்பியே இல்லாமலும் இருக்கலாம்.

"அம்மணி" என்றார் கிருபாசங்கர். "பாருங்க."

அதே அலை.

"இன்னொருக்கா எடுக்கச் சொல்லலாங்களா?" என்றார்.

டாக்டர் மறுபடி எடுத்தார். அதே அலை. அம்மாவின் குறடு நெளித்த இடம், நெளித்த அளவு.

கிருபாசங்கர் பொம்மையைப் பஞ்சில் வைத்து மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "இப்பவும் சொல்றேனுங்க. பொம்மைக்கு முட்டி வெக்கறது எனக்கு ஒத்துக்காதுங்க. ஆனா இது உங்கம்மாளுதுதான். ஞாயித்துக்கிழமை நீங்க வரோணும்."

போனேன். மாடி நிறைய ஆட்கள். நடு மேஜையில் போலீஸ்காரன் தனியாக நின்றான். கிருபாசங்கர் எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னார். "பேக்டரிப் பீஸு இல்லைங்க. நான் ஏமாந்துபோட்டேன். இது நம்ம கீதாம்மா செஞ்சதுங்க." ஆஸிம் என் பக்கத்தில் வந்து நின்றார். மேஜையில் ஓர் அட்டை இருந்தது, கிருபாசங்கரின் கையெழுத்தில்.

வலது கை செய்தவர்: மறைந்த திருமதி கீதா, மதுக்கரை.

இரண்டு தரம் படித்தேன். "ஏனுங்க, அந்த 'மறைந்த' வேண்டாமுங்க."

"மரியாதைக்குத்தான் போட்டேனுங்க. தப்புங்களா?"

"இதைச் செஞ்சப்போ உசுரோட இருந்தாங்களேங்க."

அவர் என்னைப் பார்த்தார். அட்டையை எடுத்துக் கிழித்தார். ஆஸிமிடம் பேனா வாங்கி, இன்னோர் அட்டையில், அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, மெதுவாக எழுதிவைத்தார்.

கூட்டம் மேஜையைச் சுற்றி வந்தது. குனிந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்த மாதம்தான் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அட்டையைப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, சூப்பரா இருக்குதுங்க. இவங்க நம்பர் கெடைக்குங்களா?"

கிருபாசங்கர் சட்டென நிமிர்ந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"இப்ப ஆர்டர் எடுக்கறதில்லைங்க" என்றேன்.

"ஓ" என்று அவள் மறுபடி குனிந்தாள். எனக்காக யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். நான் மேஜையோரமாகவே நின்றுகொண்டிருந்தேன்.