அறுந்துபோன நட்சத்திரக் கோடுகள்

சாயத் தொழிற்சாலையில் பகல் ஷிப்டு ஃபிட்டரை எல்லோரும் 'வானிலை' என்றே கூப்பிட்டார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே வேலைக்கு வருவார். கேட்டால், "நேத்து வானம் சுத்தமா இருந்துச்சுப்பா" என்பார்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பழைய கேமராவைக் கட்டி, வடக்குப் பார்த்து வைப்பார். அது அரை நிமிடத்துக்கு ஒரு படமாக விடியும்வரை எடுக்கும். மறுநாள் எல்லாவற்றையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்தால், நட்சத்திரங்கள் நகர்ந்த வழி வளைகோடுகளாகத் தெரியும்.

மனைவிக்கு மூன்று வருடமாக மூச்சுத்திணறல். சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். டாக்டர் தூசி என்றார், பிறகு பூனை என்றார். பூனையைக் கொண்டுபோய் விட்டும் ஒன்றும் குறையவில்லை.

ஒருநாள் படத்தைப் பார்த்து அவளே கேட்டாள்: "இந்த மூலையில மட்டும் கோடு ஏன் அறுந்து அறுந்து போகுது?"

மேகமாக இருக்கும் என்றார். ஆனாலும் மனசு கேட்காமல் நான்கு மாதப் படங்களையும் புரட்டினார். எப்போதும் அதே மூலை, இரவு ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை. அந்தத் திசையில்தான் தொழிற்சாலை; அதன் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை நட்சத்திரங்களை மறைத்திருந்தது. புகையை வடிகட்டிக்குள் விடாமல் நேரே வெளியே அனுப்பும் வால்வுக்கு வாஷர் மாற்றியதே அவர்தான். இரவு ஷிப்டுப் பொறுப்பாளர், மனைவியின் சொந்த அண்ணன்.

ஷிப்டு மாறும் நேரத்தில் அவரை வாசலில் பிடித்தார்.

"மச்சான், அந்த வால்வை யாரு தொறக்கறது?"

"ஓனர் சொல்றாரு, தொறக்கறேன். நான் மாட்டேன்னா நாளைக்கே வேற ஆள் தொறப்பான். உனக்கு எதுக்கு மாப்ளே இந்த வம்பு?"

"வீட்டுல மூச்சு விட முடியாம உக்காந்திருக்கறது உன் தங்கச்சி."

"அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இருக்கு" என்றார் மச்சான். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். படங்களை அரசாங்கத்திடம் கொடுக்கலாமா என்றும் கேட்டார். அவள் சுவரில் சாய்ந்தபடியே சொன்னாள்:

"குடுத்துடுங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சுதான் குடுத்தீங்கன்னு அண்ணனுக்கு எப்பவும் தெரியக் கூடாது."

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் படங்களைக் கொடுத்தார். சோதனைக்கு வந்தார்கள். முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். பழி முழுவதும் மச்சான் தலையில் விழுந்தது. வேலை போயிற்று, வழக்கும் வந்தது. இவரையும் அந்த மாதமே அனுப்பிவிட்டார்கள். புகை நின்றது. ஆனால் அவள் நுரையீரல் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. ஏழு மாதத்தில் மனைவி இறந்தாள்.

மச்சான் வந்தார். தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து, எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"அவ கூடப் பொறந்தவனை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியே! அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா உன்னை விட்டிருப்பாளாடா?"

பதில் வாய்வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். குற்றவாளிதான் அப்படி நிற்பான் என்று உறவினர்கள் முடிவுகட்டினார்கள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை.

இப்போது அவர் வேறு ஊரில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறார். படம் எடுப்பதை விடவில்லை. எடுத்ததை யாரிடமும் காட்டுவதுமில்லை.