புளி கேட்ட அடுத்த வீட்டுக்காரர்

எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். மறதியும் இருக்கிறது.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டேயில், எங்கள் அடுத்த வீட்டில் நெட்டையான ஒரு டெனிஷ் கிழவர் இருக்கிறார். காது நிறைய நரைமயிர். நான் முற்றத்தில் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்ப்பதை ஒருநாள் வேலிக்கு மேலால் பார்த்தார். தனக்கும் கொஞ்சம் வேண்டுமென்று சைகை காட்டினார். ஓர் உருண்டை கொடுத்தேன்.

மறுநாள் என்னையும் மகளையும் கூப்பிட்டு ஒரு வாளியைக் காட்டினார். புளித்தண்ணீருக்குள் கிடந்தவை சுட்டு முடித்த துவக்குத் தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கோதுகள். ஊரில் எங்கள் வளவில் இப்படிக் கோதுகள் கிடந்த காலையில்தான் நாங்கள் வீட்டை விட்டு ஓடினோம்.

"இதை ஏன் கழுவுறார்? கேள் பிள்ளை."

மகள் டெனிஷில் கேட்டுச் சொன்னாள். "காயவைச்சு, புது வெடிமருந்தும் குண்டும் வைச்சுத் திரும்பச் சுடலாமாம். கிளப்பில குறிபார்க்க வைச்ச காகித மட்டையைத்தான் சுடுறவராம்."

"மட்டையைச் சுட ஏன் இந்த மினுக்கு?"

அதையும் கேட்டுவிட்டு மகள் சிரித்தாள். "உங்கட விளக்கு மட்டும் ஏன் மினுங்க வேணுமாம் அம்மா!"

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கோதாக வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஊதி, வெடிப்பு விழுந்ததை ஒதுக்கினார். குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் அத்தனை பக்குவம். அந்தப் பக்குவத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயம்.

போன கிழமை மறுபடி வந்து கேட்டார். புளி முடிந்துவிட்டதென்று பொய் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மட்டையை மட்டும் சுடுகிற கிளப் இங்கே உண்மையில் இருக்கிறதா? தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். இருந்தால், நான் புளியோடு அவரிடம் போகவேண்டும்.