கதவுக்கு ஒரு பாட்டில் ஆயில்

முதல் சர்வீஸுக்குப் புது பைக்கை ஒரகடம் ஷோரூமில் விட்டிருந்தேன். மெக்கானிக் பழைய ஆயிலைத் திறந்துவிட்டார். எனக்கு அது பொங்கல் வாசனை.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில், பொங்கலுக்கு முந்தின வாரம் கரையான் ஏறாமலிருக்க அம்மா வாசல் கதவில் கழிவு ஆயில் பூசுவாள். “கதவுல சாயாதல, கறை போவாது!” என்று நாள் முழுக்கக் கத்துவாள். நான் மறந்துபோய்ச் சாய்வேன். பள்ளிச் சட்டையின் முதுகில் கறுப்புப் பட்டையோடுதான் எனக்குத் தை பிறக்கும்.

என்னையறியாமல் தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்து நீட்டினேன்.

“இத வச்சிகினு இன்னா சார் பண்ணுவீங்க?” என்றார் மெக்கானிக்.

“கதவுக்குப் பூச.”

சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தார். கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டை விற்று மூன்று வருடமாகிறது. இருங்காட்டுக்கோட்டையில் என் வாடகை அறைக்குப் பிளாஸ்டிக் கதவு. எவ்வளவு சாய்ந்தாலும் முதுகில் ஒன்றும் ஒட்டாது.