கறை வைக்கும் பல் டாக்டர்

காஞ்சிபுரத்தில் எனக்குப் பழக்கமான பல் டாக்டரம்மா ஒருவர். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும், அதுவும் சிரித்துக்கொண்டேயிருக்கும். ரயில்வே கேட் மூடினால் ஊரே சலித்துக்கொள்ளும். அவரோ ஸ்கூட்டரை விட்டிறங்கி, கூட்ஸ் பெட்டியில் எங்கெங்கே துரு பிடித்திருக்கிறதென்று பார்ப்பார்.

"பகல்ல கறை எடுக்கறேன், சாயந்தரம் பொம்மை ரயில் நிஜம் மாதிரி தெரியறதுக்குக் கறை வைக்கறேன்பா" என்பார்.

அவரிடம் கற்றுக்கொண்டு, ஒரு மாதம் உட்கார்ந்து என் பொம்மை எஞ்சினுக்கு வண்ணப்பொடியால் புகைக்கறையும் துருக்கறையும் ஏற்றினேன். அவரிடம் காட்டுவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. என் மனைவி அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள்.

"அவ்ளோ அழுக்கா சாமி முன்னாடி எப்படி வைக்கறது?" என்றாள்.

மறுநாள் அழாத குறையாக எஞ்சினோடு கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, பல்லுக்குத் தண்ணீர் பீச்சும் குழாயை எடுத்துப் பொட்டின்மேல் மெல்ல அடித்தார். குங்குமம் கரைந்து சக்கரம்வரை கோடு கோடாக இறங்கியது.

"நிஜ எஞ்சினுக்கும் பூஜை போடறாங்க இல்ல? மழை வந்தா இப்படித்தான் ஒழுகிக்கினு நிக்கும். இது எனக்குத் தோணவே இல்லை. என் ரயில் பெட்டிங்களையும் கழுவிப் பொட்டு வச்சுத் தருவாங்களான்னு வீட்ல கேளுப்பா."

ஒரு மாத உழைப்பு போன துக்கம் அந்த நிமிடம் எங்கே போனதென்று எனக்கு இன்னும் புரியவில்லை.